இருபத்தெட்டு இஞ்ச் இடுப்பு

தையல்காரருக்குப் பொய் சொல்ல வராது. வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் நன்றாக வரும்.

மூத்த மகனின் குடலில் ஒரு முழத்தை வெட்டியெடுத்த அன்று டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். "குடல் அழற்சிங்க. பரம்பரையா வர்ற அம்சமும் இதுல இருக்கு. கூடப்பிறந்தவங்களுக்கு மத்தவங்களைவிட வாய்ப்பு அதிகம். வந்தே தீரும்னு இல்லை. ஆனா பொண்ணு இளைச்சாலோ வயிறு வலிச்சாலோ உடனே கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போட்டாதான் ஆபத்து."

மகளிடம் இதைச் சொன்னாரா மனிதர்? மூச்சு விடவில்லை. பயந்துவிடுவாளாம். அதற்குப் பதில் மாதம் பிறந்தால் டேப்பும் கையுமாக நிற்பார். "இங்க வாம்மா, உனக்கொரு பாவாடை வெட்டணும்." இடுப்பு இருபத்தெட்டு. அடுத்த மாதமும் இருபத்தெட்டு. அளவு நோட்டில் குறித்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார்.

"மாசாமாசம் அளவெடுக்குறீங்க, பாவாடையைத்தான் காணோம்," என்பாள் மகள்.

மகனுக்கு இடுப்பில்தான் ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் மூன்று தடவை அவன் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். பையன் தொப்பை இல்லாமல் இருக்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடம் பீற்றிக்கொள்ள வேறு செய்தார். அதை நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஏழாவது மாதம் மகளின் பேண்ட்டில் ஜிப் போய்விட்டது. அவள் குளிக்கப் போயிருந்த நேரம், மனைவி அதைக் கொண்டுவந்து மெஷின்மேல் போட்டாள். அவர் உள்பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் அவர் போட்ட மெஷின் தையல் இருந்தது. அதற்கு உள்ளே, இடுப்பை இன்னும் பிடித்து, கோணல்மாணலாக ஒரு கைத்தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. அதையும் தாண்டி மூன்றாவது, நூல்கூட அழுக்காகவில்லை.

டேப்பை வைத்தார். இருபத்தஞ்சு.

மகள் ஈரத்தலையோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"டேப்புல இருபத்தெட்டுதானேம்மா வந்துச்சு?"

"அண்ணனோட பழைய பனியனை உள்ள சுத்திக்கிட்டு நிப்பேன்பா. எதுக்கு அளக்குறீங்கன்னு தெரியும். டாக்டர் அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்காரு, அவன் என்கிட்ட சொல்லிட்டான். இருபத்தெட்டைப் பார்த்ததும் உங்க மூஞ்சி தெளியும். அதைக் கெடுக்க மனசு வரலை."

"வலிக்குதா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"வெளிக்குப் போறப்ப ரத்தம்?"

"அஞ்சு மாசமா போகுதுப்பா."

அளவு நோட்டு மெஷின்மேல் திறந்தே கிடந்தது. அந்த ஐந்து மாதமும் இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று அவர் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது.