ஒரு சார்ஜர், மூன்று கார்கள்

முதலில் துண்டைப் போட்டது யார் என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மூன்றாம் மாடி சுஹாஸ் என்றுதான் நினைவு. செயலாளர் பத்ரிநாராயணன் அப்படிச் சொல்லிச் சொல்லி, அதுவே என் நினைவாகிவிட்டதோ என்னவோ.

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மின்சாரக் கார்கள் மூன்று: சுஹாஸுடையது, ஜெயலக்ஷ்மி மாமியுடையது, என்னுடையது. சார்ஜர் ஒன்று. பழைய வயரிங் அதற்கு மேல் தாங்காது. பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோல் சார்ஜர் மேல் துண்டைப் போட்டு இடம் பிடித்தோம். சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் யாரும் வண்டியை எடுப்பதில்லை. சண்டை வந்தால் பத்ரிநாராயணன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவரிடம் இருந்தது பெட்ரோல் கார். சலித்துப்போய், சார்ஜரையே கழற்றிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்.

அது போனால் மாமியின் காரும் போகும். மூட்டுவலியால் பஸ் ஏற முடியாமல், அறுபது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு அவர் வாங்கிய கார். அடையாறிலும் நங்கநல்லூரிலும் அவர் பாட்டு வகுப்புகள் எடுத்துவந்தார்.

கூட்டம் கார்களுக்கு நடுவிலேயே நடந்தது. மாமி எழுந்தார்.

“கழட்ட வேண்டாம். சார்ஜ் ஏறினதும் வண்டியை நகத்த ஆள் இல்லை, அவ்வளவுதானே? சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போங்கோ. நான் ஆத்துல இருக்கறப்போ நகத்தறேன்.”

“நீங்களா?” பத்ரிநாராயணன் சிரித்தார். “போன மாசம் உங்க வண்டியையே தூண்ல தேச்சேளே மாமி! தூணுக்கு யார் பெயின்ட் அடிச்சா?”

எல்லோரும் சிரித்தோம். சார்ஜரில் அப்போது நின்றது சுஹாஸின் கார். சார்ஜ் எப்போதோ ஏறிவிட்டிருந்தது. மாமி அவனிடம் கையை நீட்டினார்.

“சாவியைக் குடுடா.”

“மாமி, புது வண்டி...”

“தெரியும். குடு.”

கொடுத்தான். மாமி இணைப்பைப் பிடுங்கினார், ஏறி உட்கார்ந்தார், பின்னால் எடுத்தார். தூணுக்கு ஒரு சாண் இருக்கையில் நிறுத்தினார். முன்னே வந்தார். மறுபடி பின்னால். மறுபடி நின்றது.

“லெஃப்ட்டுல ஒடி மாமி, இடம் கீது!” என்று வாட்ச்மேன் துரைராஜ் கத்தினான்.

“நீ கொஞ்சம் சும்மா இரு துரை. பாத்துண்டுதான் இருக்கேன்.”

இன்னொரு முறை முன்னே வந்து, திருப்பி, மெதுவாக எடுத்தார். கார் சுஹாஸின் இடத்தில் நேராகப் போய் நின்றது. மாமி இறங்கி, சாவியை துரைராஜ் கையில் வைத்துவிட்டு, தன் காரைக் கொண்டுவந்து சார்ஜரில் இணைத்தார்.

“கழட்டணும்கறவா கையைத் தூக்குங்கோ,” என்றார் பத்ரிநாராயணன். அவர் கை மட்டும் பாதி எழுந்து, தலையைச் சொறியப் போனது.

சார்ஜர் அதே இடத்தில் இருக்கிறது. சுஹாஸ் வேலை மாறி பெங்களூருக்குப் போய்விட்டான். பத்ரிநாராயணன் இன்னும் செயலாளர். துரைராஜ் பகல் வேலைக்கு மாறிவிட்டான். நான் இரண்டாம் மாடியிலேயே இருக்கிறேன். பிள்ளைகள் குறைந்துபோய் நங்கநல்லூர் வகுப்பு நின்றுவிட்டது. அடையாறு வகுப்புக்கு மாமி காரில் போய்வருகிறார்.