தோவாளை வீட்டுக் கதவு

செல்வதாஸின் வலது கையில் நாலு விரல்களை இழைப்பு மெஷின் கொண்டுபோனபோது அவன் மனைவி லீமாவுக்கு முப்பத்துமூன்று வயது. இராஜாக்கமங்கலம் பக்கம் கதவு ஜன்னல் என்றால் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் அவளை வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குக் கூட்டிப்போய் உளியைக் கையில் கொடுத்தான்.

“நான் சொல்லுவேன், நீ செய்யணும். எதிர்க்கேள்வி கேக்கப்பிடாது.”

உளியை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தப்பாகப் பிடித்தால் இடது கையால் மண்டையில் ஒரு குட்டு. ஒருநாள் மரச்சுத்தியலை எடுத்து எறிந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கி ஒரு மாசம் நொண்டினாள். அவள் செய்த பொருத்தில் வெளிச்சம் தெரிந்தால் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவான்.

“வந்து பாருங்க, அடுப்பு ஊதுன கை செஞ்ச வேலைய!”

அவர்கள் சிரிப்பார்கள். சிலர் சிரிக்க மாட்டார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆத்திரத்தில்தான் தொழில் படித்தாள். மத்தியானம் அவன் படுத்ததும் கழிவுக் கட்டைகளை எடுத்து அறுப்பாள், பொருத்துவாள், பிரிப்பாள், மறுபடி பொருத்துவாள். நாலாம் வருஷம் அவள் சேர்த்த பலகைக்கு நடுவே தலைமுடி நுழையாது. பத்தாம் வருஷம் பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொன்னாள். வெளியே காய்ந்து தெரிகிற அயனி மரம் இன்னொரு மழை பார்த்த பிறகுதான் முறுக்காமல் அடங்கும் என்பது செல்வதாஸுக்கே தெரியாது. அவளாகக் கண்டுபிடித்தது. வேலையைப் பார்த்து யாராவது புகழ்ந்தால் அவன் குறுக்கே வருவான்.

“பாக்குத கண்ணு என்னோடது. கை மட்டுந்தான் அவளோடது.”

பதினாறு வருஷம் அதைக் கேட்டாள்.

பிறகு தோவாளையில் அய்யம்பெருமாள் பழைய வீட்டைப் புதுக்கினார். வாசல் நிலையை அப்படியே வைத்துக்கொண்டு முன்கதவை மட்டும் மாற்ற வேண்டும். அளவெடுக்க இருவரும் போனார்கள். எங்கே போனாலும் டேப்பைப் பிடிப்பது செல்வதாஸ்தான். இடது பக்கம் மட்டும் பிடித்து உயரத்தைச் சொன்னான். நிலையின் மேல்கட்டை சரிந்திருந்தது. வலது பக்கம் அரை இஞ்சு கூட இருக்கும் என்று லீமாவுக்கு நின்ற இடத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

“எழுதிக்கிட்டியா? பின்ன என்னத்துக்கு முழிக்க?” என்றான்.

எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாள் வேலை. நல்ல பலா. அதுவரை அவள் அப்படி ஒரு கதவு செய்ததில்லை. பொருத்து ஒவ்வொன்றும் கல்லில் வெட்டியதுபோல் இருந்தது. பிழை என்று ஒன்று இருந்தால் அது அளவில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். எந்த நாளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கதவை மாட்டியபோது தெருவில் கூட்டம் நின்றது. மேலே வலது மூலையில் வானம் தெரிந்தது. அய்யம்பெருமாள் அந்தச் சந்துக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக் காட்டினார்.

“என்னவே தாசு இது? அளவு யாரு எடுத்தா?”

செல்வதாஸ் லீமாவைப் பார்த்தான். அவள் நோட்டை விரித்து நீட்டினாள்.

“அவியதான் எடுத்தாவ. நான் சொன்னத செய்யுத ஆளு.”

யாரோ சிரித்தார்கள். அவன் வலது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் டேப்பைத் தொடவில்லை. பட்டறைக்கு வருவான், மூலையில் உட்கார்ந்திருப்பான், ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். லீமாவின் நல்ல வேலைகள் எல்லாம் அடுத்த பத்து வருஷத்தில் வந்தவை. ஐம்பத்தொன்பது வயதில் சபைக்குப் பிரசங்க பீடம் செய்யும் வேலை அவளைத் தேடி வந்தது. கமிட்டிக்காரர் ஜெபகனி அவளிடம்தான் பேசினார். மூலையில் இருந்தவனுக்கு ஸ்தோத்திரம் மட்டும் சொன்னார்.

பிரதிஷ்டை அன்று ஆராதனை முடிந்ததும் ஆட்கள் வரிசையாக வந்து பீடத்தைத் தடவிப் பார்த்தார்கள். போதகர் அவள் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். அவள் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது பெஞ்சில் செல்வதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் வேலை தெரிந்த கண் அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள்.

“பாத்தியளா?”

“எத?”

“பீடத்த.”

“எனக்கு என்ன தெரியும்? நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்.”

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போட வந்திருக்கும். மிச்ச வழி முழுவதும் பொன்னாடையை மடித்து மடித்து உள்ளங்கை அளவாக்கினாள்.

திங்கட்கிழமை காலை அவன் பட்டறைக்கு வந்தபோது அவன் உட்காரும் மூலையில் புதுப் பலகைகள் இடுப்புயரம் அடுக்கியிருந்தன.

“வீட்டுல இருங்க. இங்க இடமில்ல” என்றாள்.

அவன் பலகைகளைப் பார்த்தான். வேறு மூலைகள் காலியாகத்தான் கிடந்தன. அவற்றையும் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். காலடிச் சத்தம் அடுக்களை வாசல் தாண்டும்வரை லீமா காத்திருந்தாள். அதன்பின் இழைப்புளியை எடுத்தாள். அன்று முழுக்க வேலை அருமையாக ஓடியது.