மூன்று டப்பா மண்

…இல்லை, இடதுபக்கம்தான், குழாயை ஒட்டி இருந்த டப்பாதான், நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதில்தான் ஊற்றினேன், அதில்தான் இப்போது ஒன்றுமே முளைக்கவில்லை, நினைத்தது நினைத்தபடி நடந்திருக்கிறது, பின்னே ஏன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்... மணி ஏழு நாற்பது. எட்டு அடித்ததும் இவர் தோட்டத்திலிருந்து உள்ளே வருவார், கையைத் துடைத்துக்கொண்டு முளைகளை எண்ணுவார், எட்டரைக்கு வீட்டுத் தரகர் போன் செய்வார், எந்த ஊர் வீடு என்று சொல்லியாக வேண்டும், சொன்னால் சொன்னதுதான். நாற்பத்தோரு வருஷம் குடியிருந்த வீட்டை விட்டு எங்கே போவது என்பதைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் இருக்கும் மூன்று பால்பவுடர் டப்பாக்கள் முடிவு செய்யப்போகின்றன என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். இவர் சிரிக்க மாட்டார். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவர், எதையும் குலுக்கிப் பார்த்தால்தான் நம்புவார், கல்யாணமான புதிதில் நான் போட்ட டீயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சர்க்கரை கரைந்துவிட்டதா என்று பார்த்த மனுஷன். "நீ ஒரு ஊர் சொல்ற, நான் ஒரு ஊர் சொல்றேன், இந்த வயசுல சண்டை எதுக்கு, மண்ணையே கேட்டுருவோம்" என்றார். மலையடிவாரத்து வீட்டு மண் ஒரு டப்பா, ஏரிக்கரை வீட்டு மண் ஒரு டப்பா, ஒப்பிட்டுப் பார்க்க நம்ம கொல்லை மண் ஒரு டப்பா, மூன்றிலும் பத்துப் பத்து பீன்ஸ் விதை, நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்று மேலே ஒரு விரல்கடை மணல், பெயர் எழுதிய காகிதம் டப்பாவின் அடியில். "பேர் தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்மா." கண் மட்டுமா பொய் சொல்லும்...

எல்லாம் என் விரல்களால் வந்தது. குளிர் தொடங்கினால் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து மரத்துவிடும், கத்தரிக்கோல் கையில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், போன குளிரில் ஒரு நுனி கறுத்தே போனது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை, "இன்னும் ரெண்டு குளிர் இங்கயே இருந்தீங்கன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும், பனி விழாத ஊரா பாருங்க" என்றார். இவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, தன் கையால் கல் பொறுக்கித் திருத்திய தோட்டத்தை எனக்காக விடச் சம்மதித்தார், பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, பன்னிரண்டு மாதமும் விதைக்கிற மாதிரி ஒரு துண்டு நிலம். அதைக் கொடுக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அந்த மலையடிவாரத்து வீட்டைப் பார்க்கப் போனபோது தரகர் மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், கறுப்பாக, ஈரமாக, கேக் மாதிரி உதிர்ந்தது, இவர் முகம் மிட்டாய்க் கடை பார்த்த பிள்ளை முகம் ஆகிவிட்டது. "வெயிலும் சுடாது, பனியும் கடிக்காது, இன்னைக்குப் போட்டா நாளைக்குப் பறிக்கலாம்" என்று அடுக்கினார் தரகர். "பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். "யாருமே இல்லம்மா, அதானே விசேஷமே!" என்றார் தரகர், ஏதோ இலவசமாகக் கொடுப்பதுபோல். சுற்றிப் பார்த்தேன். மரம், மரம், மரம். ஒரு ஜன்னல் கூட நம்மைப் பார்த்துத் திறந்திருக்கவில்லை.

ஜன்னல்தானே... ஆமாம், ஜன்னல்தான். நாலு மாதத்துக்கு முன்னால் இவர் பீன்ஸ் கொடிக் கம்புகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தது எனக்குத் தெரியாது, நான் இதே அடுப்படியில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நின்றேன், இருபதடி தூரம், ஒரு சுவர், எனக்குத் தெரியவில்லை. பின்வீட்டுக் கணக்கு டீச்சர்தான் மாடி ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டி, "அக்கா! சார் விழுந்துட்டாரு! அக்கா!" என்று தெருவே கூடும்படி கத்தினாள். போய்ப் பார்த்தால் வாயோரம் மண், கண் பாதி திறந்து, என்னைப் பார்த்து "தண்ணி பாய்ச்சிட்டியா?" என்கிறார். ஏதோ தலைச்சுற்றல், எல்லாப் படமும் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஒன்றும் இல்லாமல் ஒருத்தர் விழுவாரா? அன்றைக்கு அந்த ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தால்... இவரிடம் இதைச் சொல்ல முடியுமா? நீங்க விழுந்தா நான் யாரைக் கூப்பிடறது, நீங்க போயிட்டா உங்க பக்கத்துல நான் எத்தனை நேரம் தனியா உட்கார்ந்திருக்கிறது, இப்படி ஒரு கேள்வியைத் தட்டில் சாப்பாடு வைக்கும்போது கேட்கலாமா, படுக்கையை உதறும்போது கேட்கலாமா? என் அக்கா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அத்தான் வேலை பார்த்தது அணைக்கட்டில், குடியிருப்பு ஒதுக்குப்புறம், ஒரு மத்தியானம் அவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார், அக்கா இரண்டு மைல் நடந்து போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "செத்ததுகூடப் பெரிசில்லடி, போற வழியெல்லாம், உசிரு இருந்திருக்குமோ, நான் பாதியில விட்டுட்டு வந்துட்டேனோ, இப்ப திரும்பிப் போனா கண்ணு முழிச்சிருப்பாரோ... அந்த ரெண்டு மைலை நான் இன்னும் நடந்து முடிக்கல" என்பாள். முடிக்காமலே போய்ச் சேர்ந்தாள். ஏரிக்கரை ஊரில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, எதிர்வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும், இவருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அந்தத் தும்மலுக்காகவே அங்கே போக வேண்டும்.

அதனால்தான் ஊற்றினேன். விதை போட்ட மறுநாள் சாயங்காலம் நாலு மணி, இவர் கொல்லையில் கம்பு அடுக்கிக்கொண்டிருந்தார், டீக்கு வைத்த வெந்நீர் கொதித்து கெட்டில் மூடி தடதடவென்று ஆடியது, அந்தச் சத்தம்தான் எனக்கு யோசனை சொன்னது என்று தோன்றுகிறது. முதல் நாள் இவர் டப்பாக்களை வரிசையாக வைத்ததை நான் பார்த்திருந்தேன், மலை இடது, நம்ம வீடு நடு, ஏரி வலது. அடியைத் தூக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளக்கூட நேரமில்லை, கொல்லைக் கதவருகே இவர் இருமினார், கை தானாகச் சாய்ந்தது, மணல் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சிக்கொண்டது. எனக்கு ஆவி முகத்தில் அடித்தது. பத்து விதை. பத்து உயிர் என்று சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அன்றைக்கு டீ இறங்கவில்லை. திருடிக்குப் பார்க்கும் கண்ணெல்லாம் போலீஸ் கண், இவர் "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது "குளிரு" என்றேன். எதைக் கேட்டாலும் குளிர் என்று சொல்லலாம், அந்த ஒரு வசதி இந்த ஊரில் உண்டு. இன்று ஒன்பதாம் நாள். இடது டப்பா மொட்டை. நடுவில் ஏழு முளை, தலையைக் குனிந்துகொண்டு மணலைப் பிளந்து நிற்கின்றன. வலது கோடியில் நாலு. அப்படியானால் நம்ம வீட்டு மண் ஏழு, ஏரி நாலு, மலை சைபர். போதும். நாலே போதும். ஏரிக்கரைக்குப் போகிறோம், தும்மல் கேட்கும் ஊருக்குப் போகிறோம்... ஜன்னல் வழியே பார்க்கிறேன், இவர் தோட்டக் கோடியில் வெப்பமானிக் கம்பத்தருகே நிற்கிறார், பனி வெளுத்துக் கிடக்கிற பாத்திகளுக்கு நடுவில், காதுவரை தொப்பி, குனிந்து அளவைப் படிக்கிறார். தினமும் ஒரே மாதிரி, கொல்லைக் கதவைத் திறந்ததும் படியில் நின்று அண்ணாந்து வானத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், மேகத்தைப் படிக்கிறாராம், அப்புறம்தான் இறங்குவார். விழுந்து எழுந்த பிறகு வந்த பழக்கம். அதற்கு முன் வானத்தை இவ்வளவு மதித்தவர் இல்லை.

ஒரு தடவை அடியைப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று இடது டப்பாவை இரண்டு கையாலும் தூக்கினேன், கனம், விரலுக்குப் பிடிப்பு தெரியவில்லை, நெஞ்சோடு அணைத்துச் சாய்த்தால்... ஏரி. சின்ன எழுத்தில், ஆய்வகத்துப் புட்டிகளில் எழுதுகிற அதே கச்சிதமான எழுத்தில், ஏரி. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தாலும் ஏரி. நடுவில் இருந்ததைத் தூக்கினேன், மலை. எப்படி? யார் மாற்றியது? அட, யார் மாற்றுவார்கள், நாற்பத்தோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, நாற்றுத் தட்டு எதுவானாலும் இவர் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவின கையோடு ஒரு இடம் தள்ளி வைப்பாரே, "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் படணும், ஓரவஞ்சனை கூடாது" என்பாரே, கோடியில் இருப்பது முதலிடத்துக்கு வரும், முதலிடத்தில் இருந்தது நடுவுக்குப் போகும், அன்றைக்கு நாலு மணிக்கு முன்னாலேயே தள்ளியாகிவிட்டது, நான் ஊற்றியது ஏரியில். அதுதான் இன்றைக்கும் சுற்றிச் சுற்றி அதே மூலைக்கு வந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. தினை விதைத்தவன் தினை அறுப்பான், வெந்நீர் விதைத்தவள்? அந்த மரங்களை அறுப்பாள். அந்த ஜன்னலில்லாத காட்டுக்குத் தானே தன் கையால் வழி வெட்டிக்கொண்டு... மணி ஏழு ஐம்பத்திரண்டு. காகிதத்தை மாற்றி ஒட்டினால்? ஏரியை உரித்து நடுவில், மலையை உரித்து இங்கே. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன், நகம் காகிதத்தில் படுகிறதா தகரத்தில் படுகிறதா என்று தெரியவில்லை, வெளுத்துவிட்டது, நுனியில் உயிர் இல்லை, அடியே, வேண்டிய நேரத்தில்தான் மரத்துப்போவாயா, இன்னும் கொஞ்சம், ஓரம் எழும்புகிறது... கிழிந்துவிட்டது. பாதி. மீதி பாதி டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. கொல்லைக் கதவு திறந்தது, குளிர் முதலில் வந்தது, பின்னால் இவர்.

"மைனஸ் ரெண்டு," என்றார், தொப்பியைக் கழற்றிக்கொண்டே. டப்பா அதற்குள் இடத்துக்குப் போய்விட்டது, கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். இவர் கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, நோட்டைப் பிரித்து, ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினார். சைபர். ஏழு. நாலு. பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார். நம்ம வீட்டு மண் நாலு கொடுத்திருக்கிறது, இந்தப் பனியிலும் விடாமல் நாலு, அதைப் பார்த்து லேசாகச் சிரித்தார். மலையைப் பார்த்தபோது சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. ஏரி டப்பாவைத் தூக்கியதும் நின்றுவிட்டார். கிழிந்த காகிதத்தைப் பார்த்தார். என் முந்தானையைப் பார்த்தார். டீஸ்பூனை எடுத்து மணலைத் தள்ளி, ஒரு விதையைத் தோண்டி எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினார், தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, மூக்கருகே கொண்டுபோனார். அழுகியதற்கும் வெந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவரா இவர்? கேளுங்க. கேட்டுத் தொலைங்களேன். ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டா நான் எல்லாத்தையும் கொட்டிருவேன், ஜன்னலை, அக்காவை, ரெண்டு மைலை...

"மறுபடியும் போடணும்," என்றார்.

"எதுக்கு? உங்க மலைதான் ஜெயிச்சிருச்சே." என் குரல்தானா அது?

"ஒரு தடவை வந்தா அது பதில் இல்ல. ரெண்டாவது தடவையும் வந்தாத்தான் பதில்."

"எட்டரைக்குத் தரகர் கூப்பிடுவாரு."

"கூப்பிடட்டும்." விதையைக் கீழே போடாமல் ஸ்பூனில் வைத்து ஓரமாக வைத்தார். "இந்தத் தடவை பேரை வெளியிலேயே ஒட்டிடறேன். நீ தூக்கிப் பார்க்க வேண்டாம், கனம்."

அவ்வளவுதான். கோபமா, கேலியா, கரிசனமா, எதையும் அந்தக் குரலில் பிடிக்க முடியவில்லை. ஜெயித்தவன் எங்கேயாவது ஆட்டத்தைக் கலைத்து மறுபடியும் ஆடலாம் என்பானா? எவ்வளவு தெரியும் இவருக்கு, எப்போதிருந்து தெரியும், அன்றைக்குக் கதவருகே இருமினாரே, அது வெறும் இருமல்தானா... மண் மூட்டை கொட்டகையில் இருக்கிறது என்று மறுபடியும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார், கொல்லைக் கதவைத் திறந்தார், வழக்கம்போலப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தார், இறங்கிப் போனார். ஐந்து நிமிஷம் போயிருக்கும், கூடத்தில் போன் அடித்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கூப்பிடுகிறான் மனுஷன். இவரைக் கூப்பிடலாம் என்று கதவுக்குப் போய், இவர் நின்ற படியிலேயே நின்று, இவரைப் போலவே தலையைத் தூக்கினேன்... தகரச் சாய்ப்பு. தலைக்கு மேலே துருப்பிடித்த தகரம், மழைக்காக இவரே போட்டது, அதைத் தாண்டி ஒரு கையளவு வானம்கூட இந்தப் படியிலிருந்து தெரியாது. மேகம் தெரியாது, ஒன்றும் தெரியாது. தகரத்தின் விளிம்புக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது, பின்வீட்டு மாடி ஜன்னல். திறந்திருந்தது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, இவர் கொட்டகைக்குள் எதையோ உருட்டுகிறார், நாலு மாதமாகக் காலையில் ஒரு நாள் தவறாமல் இந்த ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்... ஜன்னலில் டீச்சரின் தலை வந்தது, தலைவாரிய சீப்பும் கையுமாக, சிரித்துக்கொண்டே பழக்கமாகக் கையை உயர்த்தினாள், படியில் நிற்பது நான் என்று தெரிந்ததும் அந்தக் கை பாதியிலேயே நின்றது.