துவக்குத் தொடாத கை

டாக்டர் சுந்தரராஜன் முட்டைகூடத் தொடமாட்டார். அப்பேர்ப்பட்டவரை, தொண்ணூற்று மூன்றாம் வருஷ இலையுதிர்காலத்தில், மாண்ட்ரியல் ஆஸ்பத்திரி நண்பர் பேனாட் என்பவர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டுவிட்டார். மறுத்தால் மரியாதையில்லை என்று லைசென்ஸும் வாங்கியாகிவிட்டது. இனித் துப்பாக்கிதான் பாக்கி. அதைத் தேர்ந்தெடுக்க அவர் யாரை அழைத்துப் போனார் தெரியுமா? தன் வீட்டு பேஸ்மென்டில் குடியிருக்கும் அருமைராசாவை. யாழ்ப்பாணத்துக்காரனுக்குத் துப்பாக்கி தெரியாமலா இருக்கும் என்று ஒரு கணக்கு.

லாசாலில் இருந்த துப்பாக்கிக் கடையில் பற்றிக் என்ற விற்பனையாளன் இரண்டு செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை எடுத்து வைத்தான். இரண்டிலும் ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். பெரியது மானுக்கு. சின்னது காகித வட்டத்தைக் குறிபார்த்துச் சுட.

"எதுப்பா நல்லது? கையில எடுத்துப் பார்த்துச் சொல்லு."

அருமைராசா கைகளை ஜாக்கெட் பைக்குள் திணித்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை அவனுடைய அகதி வழக்கு விசாரணை. அவன் கதையில், கனடாவுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பொய்கள் சில இருந்தன. அப்பழுக்கில்லாத உண்மை ஒன்றே ஒன்றுதான்: ராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துக்கும் பயந்து ஓடியவன், துவக்கைத் தொட்டதேயில்லை. அதைத்தான் அங்கே சத்தியம் செய்து சொல்லப்போகிறான். அவன் நல்லவன் என்று சாட்சி சொல்ல வரப்போவது இதே டாக்டர்தான்.

"சத்தியமா, டொக்டர், நான் ஒருநாளும் துவக்கைத் தொட்டதேயில்லை."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜாஃப்னாக்காரன் சொன்னா யாருப்பா நம்புவா? என்கிட்ட எதுக்கு ஒளிக்கறே?"

அருமைராசா ஓரடி பின்வாங்கினான். ஒரே கூரையின்கீழ் இருக்கிற மனுஷரே நம்பவில்லை, முன்பின் தெரியாத விசாரணை அதிகாரி எங்கே நம்பப்போகிறார்? இவர் கோபித்துக்கொண்டு சாட்சிக்கு வராமலே விட்டால்? டாக்டரோ பெரிய ரைஃபிளைத் தூக்கி அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டார். பிடிக்காவிட்டால் கீழே விழும்.

பிடித்தான். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்குகிறவன்; துடைப்பக் கட்டையைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தான். பற்றிக் பதறிப்போய்க் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டான். பளிச்சென்று ஒரு வெளிச்சம். டாக்டர் தன் கேமராவில் படம் எடுத்திருந்தார்.

கேமராவை இறக்கியதும் அவர் முகம் மாறியது. "அடப்பாவி, நிஜமாவே தெரியாதா உனக்கு?"

"ஓம் டொக்டர். அதைத்தானே சொல்லுறன்."

"மன்னிச்சுக்கப்பா." உண்மையாகவே வருந்தினார். மனதில் கள்ளமில்லாத மனுஷர். மான் பாவம், காகிதமே போதும் என்று சின்ன ரைஃபிளை எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே அவன் தோளைத் தட்டினார்.

"செவ்வாய்க்கிழமையை நினைச்சுக் கவலையே படாதே. இவனுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கவே தெரியாது, என் கண்ணால பார்த்தேன்னு அடிச்சுச் சொல்றேன். நம்பலேன்னா போட்டோவை எடுத்துக் காட்டிடறேன்."

அருமைராசாவின் கை தானாகவே கதவுப் பிடியைத் தேடியது. கார் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டிருந்தது.