ஐந்தாவது தட்டுக்கு வரும் ரயில்

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையிலுள்ள ‘தூவானம்’ உணவகத்தில், மதிய விருந்தின் ஐந்தாவது தட்டு மேசைக்கு வந்ததும், செங்கோட்டையிலிருந்து புறப்பட்ட பழைய மீட்டர்கேஜ் ரயில் கூடத்தின் நடுவே கடந்து போகும். அந்த இடத்தில் என்றைக்கும் தண்டவாளம் இருந்ததில்லை. கரி எஞ்சின் நின்று எத்தனையோ வருஷமாகிறது. அது ஓடிய சின்னப் பாதையையும் பெயர்த்து அகலப்பாதை போட்டாயிற்று. ஆனாலும் அந்த ஆனியில் சாரல் விழத் தொடங்கியதிலிருந்து ரயில் தவறாமல் வந்தது. முதல் நாள் சாப்பிட வந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். அடுத்த வாரம் நாற்காலியை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். பிரான்சில் சமையல் படித்துவிட்டுச் சொந்த ஊர்ப்பக்கம் வந்து கடை போட்ட சண்முகப்பிரியா, மேசைகளைச் சுவரோரமாக ஒதுக்கி நடுவே வழி விட்டாள். கரித்தூள் விழாதிருக்க ஒயின் கோப்பைகளுக்குப் பித்தளை மூடி செய்து வாங்கினாள். ஜன்னல்களில் தெரிந்த முகங்களில், சாப்பிட வந்த சிலர் தங்கள் வீட்டுச் செத்தவர்களை அடையாளம் கண்டு கையசைத்தார்கள். அவர்களும் அசைத்தார்கள். ரயில் மட்டும் யாருக்காகவும் நின்றதில்லை.

தென்காசி மின்வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த சுகந்திக்கு இதெல்லாம் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் ஒன்பது தட்டில் ஒன்பது வாய் சோறு வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின் ஊற்றித் தரும் இடத்துக்குப் போக வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. நியூசிலாந்திலிருந்து தம்பி விஜய்பாண்டி வந்து, அக்காவுக்கு ஒருவேளை நல்ல சாப்பாடு வாங்கித் தர வேண்டும், இடம் பிடித்துவிட்டேன் என்றபோது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அம்மா பேச்சித்தாய் போய்ச் சேர்ந்தது கொரோனா காலத்தில். வந்தால் திரும்ப முடியாது, வேலை போய்விடும் என்று அவன் வரவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகன் செல்போன் திரைக்குள்ளிருந்து அழுதான். பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன்பிறகு அக்காவும் தம்பியும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

வெளியே தென்காசி வரைக்கும் காற்றில் தூறல் மிதந்துகொண்டிருந்த ஒரு நண்பகலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் தட்டில் நெல்லிக்காயளவு உளுந்தங்களி வந்தது. ஒயின் ஊற்றும் வீரபாகு அண்ணாச்சி கோவாவில் பல வருஷம் இருந்தவர். கோப்பையைச் சாய்த்துக் காட்டி, இதில் பச்சை மாங்காயும் நனைந்த கல்லும் மணக்கும் என்றார். சுகந்திக்கு அது புளித்த நீராகாரம் போலிருந்தது. இரண்டாவதாக அயிரை மீன், மூன்றாவதாகக் கருப்பட்டியில் வாட்டிய பனங்கிழங்கு, நான்காவதாக விரல் நகம்போல நறுக்கிய பரோட்டாவும் நாட்டுக்கோழிச் சாறும். ஒவ்வொரு கோப்பைக்கும் அவளுடைய காது மடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. தம்பி சாப்பிடவே இல்லை. வாசல் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏலே, தெரிஞ்சுதான் வந்தியா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒரு வீடியோவுல பாத்தேன்க்கா. மூணாவது பெட்டி ஜன்னல்ல அம்மா மாதிரி இருந்துச்சு.”

“அப்ப எனக்காக வரல.”

அவன் பதில் சொல்வதற்குள் ஐந்தாவது தட்டு வந்தது. வாட்டிய வாழையிலையில் ஒரு கைப்பிடி புளிச்சோறு, ஓரத்தில் காரமாக வதக்கிய உருளைக்கிழங்கு. கூடவே கருஞ்சிவப்பு ஒயின். மூடியைத் திறந்தபோது அதில் கரிப்புகை வாடை அடித்தது. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவு விட்டதும் பேச்சித்தாய் இருவரையும் அந்த ரயிலில் ஏற்றிப் புனலூரில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். இலையைப் பிரித்து மடியில் வைத்து, குகைக்குள் ரயில் நுழையும் இருட்டில் யார் வாய் எதுவென்று தெரியாமலே ஊட்டிவிடுவாள். சுகந்தி ஒரு வாய் எடுத்து வைத்தாள். சுவரில் தொங்கிய படங்கள் அதிர்ந்தன. எஞ்சின் நீராவியைக் கக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தது.

முதல் பெட்டி போனது, இரண்டாவது போனது. மூன்றாவது பெட்டியின் ஜன்னலோரத்தில் ஊதாச் சேலையில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்து அபாயச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினாள். ரயில் கிறீச்சிட்டு நின்றது. இப்போதெல்லாம் அது அங்கே தினமும் ஒரு நிமிஷம் நிற்கிறது. நிறுத்தத்துக்கு என்ன பெயர் எழுதுவதென்று இரண்டு வருஷமாகப் பஞ்சாயத்தில் பேச்சு ஓடுகிறது. ஆனால் முதன்முதலாக நின்றது அன்றைக்குத்தான். கார்டு கொடியோடு இறங்கி, யாரு இழுத்தது என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பேச்சித்தாய் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏலே விஜயா, இப்படி எளைச்சிப் போயிட்டியே. ஏட்டி சுகந்தி, இவன் சாப்பிட்டானா?”

மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தவளைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டது சுகந்தி. அப்போதும் கிழவி கண்ணை மூடிக்கொண்டு அவளை ‘விஜயா’ என்றுதான் கூப்பிடுவாள். செத்த பிறகும் முதல் பேச்சு அவனைப் பற்றித்தான்.

விஜய்பாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். “அம்மா, நான் வராமப் போயிட்டேம்மா.”

“அதான் வந்துட்டியேலே. ஏறு. துண்டு போட்டு இடம் பிடிச்சி வச்சிருக்கேன்.”

அவன் படியில் கால் வைத்தான். சுகந்தி பாய்ந்து அவன் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினாள். அந்த ரயிலில் இதுவரை உயிரோடு ஏறியவர்கள் யாரும் இல்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. “எங்கம்மா இவனக் கூட்டிட்டுப் போற?”

“புனலூர் வரைக்குந்தான்ட்டி. அங்கன எறக்கி விட்டுருதேன். நான் கொல்லம் போறேன்.”

“அப்பம் நானும் வாரேன்.”

பேச்சித்தாய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மகளுடைய கன்னத்தைத் தொட்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. “உங்கூடத்தான் அவ்வளவு நாளும் இருந்தேன். இவந்தான் எங்கூட இல்ல. என்னால நீ ஒரு நாளாவது சூடா ஒரு வா சோறு தின்னுருப்பியாட்டி? எனக்கு ஊட்டிட்டு, ஆறிப்போனதத்தான தின்ன. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? போ, உக்காந்து சாப்பிடு.”

சுகந்தியின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கார்டு விசிலடித்தார். தம்பி உள்ளே போய் அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்ததையும், அம்மா முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்ததையும் அவள் பார்த்தாள். பிறகு ரயில் சமையலறைப் பக்கச் சுவருக்குள் நுழைந்து போனது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் மரியாதையாகத் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பியின் தட்டை எடுத்துவிடலாமா என்று வீரபாகு மெல்லக் கேட்டார்.

“இருக்கட்டும் அண்ணாச்சி. ரெண்டையும் நானே சாப்பிடுதேன்.”

ஆறாவதாகச் சின்ன மண்சட்டியில் தேங்காய்ப்பால் சொதி வந்தது, கொதி அடங்காமல். அவள் ஊதாமல் குடித்தாள். நாக்கு வெந்தது. வெந்த நாக்கோடு சிரித்தாள், கண்ணில் நீர் வந்தது, மறுபடி குடித்தாள். கிச்சிலிச் சம்பா அரிசியில் கூட்டாஞ்சோறும், மிளகு போட்ட காடையும், கடைசியாகக் குளிர்ந்த மங்குஸ்தான் சுளையும் அடுத்தடுத்து வந்தன. காடைக்கு ஊற்றிய ஒயினில் ஏதோ ஒரு மணம் பிடிபட்டது. என்னவென்று யோசித்து, நாற்றங்காலில் நாற்றுப் பிடுங்கும்போது வேரோடு வரும் சேற்று வாசனை என்று கண்டுகொண்டாள். வீரபாகுவிடம் சொன்னாள். அவரும் முகர்ந்து பார்த்து, ஆமாம் என்றார். அன்றைக்கு எல்லாரும் போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்த சண்முகப்பிரியா எதிரே அமர்ந்து, தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. புனலூரிலிருந்துதான். “அக்கா, எறங்கிட்டேன். அடுத்த வண்டியில செங்கோட்டைக்கு வாரேன்.”

சுகந்தி செங்கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய் நின்றாள். அகலப்பாதை வண்டி வந்தது. ரப்பர் தோட்ட வேலைக்காரர்களோடும் பலாப்பழக் கூடைகளோடும் விஜய்பாண்டி இறங்கினான். தலையெல்லாம் கரித்தூள். ஒரு கண் சிவந்து வீங்கியிருந்தது. அவள் அவனைத் தூண் ஓரமாக நிறுத்தி, இமையை விலக்கி, சேலை முனையால் தூசியை எடுத்தாள்.

“என்னலே சொன்னா அம்மா?”

“ரொம்பப் பேசலக்கா. குகை வரைக்கும் எந்தோள்ல தூங்கிட்டே வந்தா. பெறகு முழிச்சி உன்னப் பத்திச் சொன்னா. தலையில முடியே இல்லாதப்பவும் தெனமும் சாயந்தரம் சீவி, பூ வச்சி விடுவியாமே.”

இருவரும் நடைமேடையைத் தாண்டி வெளியே வந்தார்கள். தூறல் நிற்கவில்லை. கடையநல்லூர்ப் பஸ்ஸுக்காக நின்ற கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ நிறுத்தத்துக்குப் போனபோது அவன் கேட்டான்.

“ஏங்க்கா, நாம எப்பவும் புனலூர்லயே எறங்கிருவோம். கொல்லத்துல அம்மாவுக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்லலே,” என்றாள் சுகந்தி. “கடலு இருக்கு. அவ பாத்ததில்ல.”

அவன் தலையாட்டினான். ஆட்டோக்காரர் தார்ப்பாயை விலக்கிவிட்டார். தென்காசிக்கு என்று சொல்லி இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள்.