பந்து கையில் இல்லாதவர்

உடுப்பிட்டி மேற்கு அணிக்கும் கிழக்கு அணிக்கும் பேஸ்போல் இறுதியாட்டம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பள்ளிக்கூட மாஸ்ரரும் நடுவருமான நான் இரண்டு அணிகளையும் கடைசித் தட்டைச் சுற்றி நிற்கவைத்து மோதல் விதியை விளக்கினேன். போன வருடம் அந்த இடத்தில் ஒரு பல் போயிருந்தது.

கடைசித் தட்டு என்பது நிலத்தோடு பதித்த, ஐந்து மூலை வெள்ளை றப்பர்ப் பலகை. மூன்று தளங்களையும் சுற்றி ஓடி வருபவர் இதைத் தொட்டால் அவருடைய அணிக்கு ஓர் ஓட்டம். தட்டுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருப்பவர் பிடிப்பாளர். எறிந்து வரும் பந்தை அவர் பிடித்து, ஓடி வருபவர் தட்டைத் தொடுமுன் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் ஆட்டமிழப்பு. ஆக, இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே இடம் தேவைப்படுகிறது. பல் போவது அதனால்தான்.

“விதி ரெண்டு பேருக்கும் இருக்கு,” என்றேன். “ஓடி வாறவர் பாதையை விட்டு விலகிப் போய்ப் பிடிப்பாளரை இடிக்கக் கூடாது. இடிச்சால் அவுட். பிடிப்பாளர் கையிலை பந்து இல்லாமல் பாதையை மறிக்கக் கூடாது. மறிச்சால் ஓட்டம் குடுபடும். பந்தைப் பிடிக்கிறதுக்கெண்டே அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் மட்டும் பிழையில்லை.”

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒருவன் கொட்டாவி விட்டான். எனக்கு அது பொறுக்காது. இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“பந்தைக் காணி உறுதிப் பத்திரம் எண்டு வையுங்கோ. உறுதி கையிலை இருக்கிறவர் பாதையை மறிக்கலாம். இல்லாதவர் வழி விடவேணும்.”

உடனே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விளங்கிய கையோடு எல்லோரும் பொன்னம்பலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னம்பலம் ஓய்வுபெற்ற தபாலதிபர், மேற்கு அணியின் முகாமையாளர். கிழக்கு அணியின் முகாமையாளர் உதயகலா, தையல்காரி. மேற்கையும் கிழக்கையும் பிரிக்கிற குறுகிய ஒழுங்கைப் பாதையின் இரு கரையிலும் இவர்களுடைய வீடுகள். நாலு மாதத்துக்கு முன் அந்த ஒழுங்கை தன்னுடையது என்று சொல்லிப் பொன்னம்பலம் அதன் வாயைத் தகரம் போட்டு அடைத்தார். உறுதி எங்கே என்று கேட்டால் இடம்பெயர்வில் தொலைந்துபோனது என்றார். உதயகலா வீட்டுக்கு வேறு வழி இல்லை. சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் வாழைத்தோட்டத்துச் சேற்றுக்குள்ளால் வந்தார்கள். பிறகு வராமல் விட்டார்கள். ஊர்ப் பிணக்குகளைத் தீர்க்கிற இணக்கசபை மூன்று முறை கூப்பிட்டது. மூன்று முறையும் பொன்னம்பலத்துக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அதற்குள் வழி திறக்காவிட்டால் உதயகலாவுக்கு இந்த வருடம் தையல் இல்லை.

நான் அதை மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பது போலத் தட்டைத் துடைத்தேன்.

ஆட்டம் கடைசிச் சுற்றுவரை சமநிலையில் வந்தது. அப்படியே முடிந்தால் கிண்ணம் போன வருடம் வென்ற கிழக்கிடமே இருக்கும். மேற்கின் கடைசி ஆட்டக்காரன் அடித்த பந்து வேலியோரம் உருண்டது. மூன்றாம் தளத்தில் நின்ற பொன்னம்பலத்தின் மகன் கோகுலன் தட்டை நோக்கிப் பறந்தான். தட்டில் நின்றவன் உதயகலாவின் மகன் கோபிசங்கர். அம்மா பழைய செற்றி இருக்கைப் பஞ்சில் தைத்துக் கொடுத்த நெஞ்சுக் கவசத்தோடு அவன் பாதையை நிறைத்து நின்றான். கோகுலன் விதியை மதித்து இடிக்காமல் நின்றான், சறுக்கினான், முழங்காலில் விழுந்தான். புழுதி அடங்கியபோது கோபிசங்கர் பிடித்த பந்து அவன் தோளைத் தொட்டபடி இருந்தது.

“அவுட்!” என்றேன்.

“அவன் பந்து வர முந்தியே மறிச்சவன்!” பொன்னம்பலம் மைதானத்துக்குள் வந்துவிட்டார். “மாஸ்ரர், காலமை நீர்தானே சொன்னீர்?”

“புழுதிக்குள்ளை எனக்குத் தெரியேல்லை, ஐயா. புள்ளி எழுதுற தர்சினி போனிலை வீடியோ எடுத்தவள். ஆனால் அதைப் பாக்கிறதெண்டால் நீங்கள் எழுத்திலை முறைப்பாடு தரவேணும். அதை நான் ரெண்டு அணிக்கும் வாசிக்கவேணும். மற்ற முகாமையாளரும் கையெழுத்து வைக்கவேணும்.”

எழுத்தில் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. படிவத்தில் இரண்டு கோடுதான் இருந்தது. அவர் தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதினார். பேனையை உதறி உதறி எழுதினார். முழுப்பெயரும் திகதியும் போட்டுத் தந்தார். நான் உரத்து வாசித்தேன்:

“எந்தப் பாதையாயினும், அதனூடாக வருபவரை, உரித்துக்கான ஆதாரம் யாதும் கையில் இன்றி வெறுமனே நின்று மறிப்பவர், நீதிக்கும் அயல் தர்மத்துக்கும் விரோதமாக நடப்பவராவார். அன்னாரின் தடையை அன்றைய தினமே அகற்றுவித்தல் வேண்டும்.”

எங்கோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

உதயகலா எழுந்து வந்தார். “பேனையைத் தாங்கோ மாஸ்ரர். நான் வைக்கிறன் கையெழுத்து.”

“அம்மா!” கோபிசங்கர் முகமூடியைக் கழற்றினான். “வீடியோ பாத்தால் நாங்கள் தோத்திடுவம்!”

“ஓம், தோப்பம். நீ மறிச்சதை நான் என்ரை கண்ணாலை கண்டனான்.” கையெழுத்து வைத்துவிட்டுத் தாளைப் போனில் படமும் எடுத்தார். “அண்ணை, நல்ல வடிவா எழுதியிருக்கிறியள்.”

பொன்னம்பலத்துக்கு அப்போதுதான் விளங்கியது. “பிள்ளை, உது பந்துக்கு எழுதினது.”

“ஓம் அண்ணை. ‘எந்தப் பாதையாயினும்’ எண்டும் எழுதியிருக்கிறியள்.”

அவர் என்னைப் பார்த்தார். “வாபஸ் வாங்கலாமோ?”

“வாங்கலாம். வாங்கினால் அவுட் அவுட்தான். கிண்ணம் கிழக்குக்கு.”

“வாங்குங்கோ மாமா!” என்றான் கோபிசங்கர். “கப் எங்களுக்கு, தகரம் உங்களுக்கு!”

“நீ பேசாமல் முகமூடியைப் போடு,” என்றார் அவன் அம்மா.

கோகுலன் முழங்காலில் இரத்தத்தோடு நொண்டி வந்தான். “அப்பா, நாலு வருசமாத் தோக்கிறம். உந்தத் தகரத்துக்காக இதையும் விடப்போறியளோ?”

பொன்னம்பலம் தாளை வாங்கி இன்னொரு தடவை வாசித்தார். வாசிக்க வாசிக்க உதடுகள் அசைந்தன. “மாஸ்ரர், இதிலை ஒரு பிழை இருக்கோ?”

“ஒண்டும் இல்லை, ஐயா.”

“முப்பத்தொரு வருசம் தபால்கந்தோரிலை இருந்து சனத்துக்கு மனு எழுதினனான். ஒண்டையும் திருப்பி வாங்கினதில்லை. இதைப் போல நல்லா ஒண்டு எழுதினதும் இல்லை.” தாளை என் கையில் திணித்தார். “வீடியோவைப் போடச் சொல்லும்.”

போட்டோம். பந்து இன்னும் இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, தள்ளி வந்துகொண்டிருந்தபோதே கோபிசங்கரின் இடதுகால் பாதைக்குக் குறுக்கே ஊன்றி இருந்தது. பந்தைப் பிடிக்க அவன் அங்கே நிற்கவேண்டிய தேவையும் இல்லை. தீர்ப்பை மாற்றினேன். மேற்கு வென்றது.

பின்னேரம் மேற்கு அணி கிண்ணத்தோடும் சுத்தியலோடும் ஒழுங்கை வாயில் நின்றது. பொன்னம்பலம் என்னையும் கூப்பிட்டிருந்தார்.

“விதியிலை எத்தினை அடி விடவேணும் எண்டிருக்கு?”

“அடிக்கணக்கு இல்லை, ஐயா. வாறவர் விலகாமல் வரக்கூடியதாய் இருக்கவேணும்.”

அவர் ஒரு தகரத்தைக் கழற்றச் சொன்னார். கோகுலனை நொண்டி நொண்டி அதற்குள்ளால் வரச் சொன்னார். அவன் தோளைச் சரித்துத்தான் வந்தான். இரண்டாவதையும் கழற்றினார்கள். அப்போது வாழைத்தோட்டத்துப் பக்கத்தால் உதயகலா ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். சில்லு முழுக்கச் சேறு.

பொன்னம்பலம் ஸ்கூட்டியின் கைபிடியைப் பார்த்தார், இடைவெளியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“எல்லாத்தையும் கழட்டுங்கோடா.”

உதயகலா நேரே ஓட்டி உள்ளே போனார். முப்பது அடி போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, கோகுலன்ரை காற்சட்டை முழங்காலிலை கிழிஞ்சு கிடக்கு. குடுத்து விடுங்கோ, தைச்சு வைக்கிறன்.”

“தீபாவளி வேலை வரப்போகுது, நேரம் இருக்கோ பிள்ளை?”

“இண்டைக்கு இருக்கு. நாளைக்குச் சனம் வந்திடும்.”

பொன்னம்பலம் மகனை வீட்டுக்குள் அனுப்பினார், வேறு காற்சட்டை போட்டுக்கொண்டு கிழிந்ததை எடுத்து வரச் சொல்லி.