கல்லாறு செல்லாது

பத்மஜா டீச்சர் என்னுடைய இரண்டு வருடப் படிப்பை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். டீச்சர் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரஹாரத்துக்காரர், மீன் வாங்கி அறியாதவர். ஆனாலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரிதான் என் பழைய கல்லூரியின் பாடத்திட்டத்தை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கோபம் வந்தால் எனக்கு உட்கார வராது.

நான் சிஜி. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் நாலு செமஸ்டர் முடித்தவள். அப்பா ஜெயன் ஆரியசாலையில் ஒரு வெங்காய மொத்தக் கடையில் மேனேஜர். வாரம் முழுக்கத் திருவனந்தபுரத்தில் தனி அறை, சனிக்கிழமை ராத்திரி வீடு. அப்படியே வருடங்கள் ஓடின. மார்ச் மாதம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனி இவர் தனியாக இருக்கக் கூடாது என்றார். அம்மா நாகர்கோவில் வீட்டைக் காலி செய்துவிட்டு, திருவனந்தபுரத்திலேயே கரமனை பக்கம் ஒரு வாடகை வீட்டில் அடுப்பை வைத்தாள். என்னை ஹாஸ்டலில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. அப்பாவை விட்டுவிட்டு இருக்க எனக்கும் மனம் வரவில்லை.

கல்லூரி மாறுவது பெரிய காரியமில்லை என்று நினைத்தேன். இடமும் கிடைத்துவிட்டது. படித்ததை ஏற்றுக்கொள்ள வைப்பதில்தான் உயிர் போனது. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. பழைய கிரெடிட் எல்லாம் செல்லும் என்று புதுக் கல்லூரி சொன்னால் மூன்றாம் வருடம். சொல்லாவிட்டால், ஜூனியர்களோடு மறுபடி இரண்டாம் வருடம். ஒரு வருடம் போய்விடும். அப்பாவின் உடம்பு இருக்கிற நிலைமையில் அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை.

பாசி செல்லும் என்றார் டீச்சர். பூஞ்சை செல்லும். மரபியல் கொஞ்சம் யோசித்து, செல்லும். தமிழ்கூட மொழிப்பாடக் கணக்கில் ஏறியது. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“ஃபீல்ட் ஸ்டடி மாத்திரம் செல்லாது, சிஜி.”

“ஏன் டீச்சர்? போயிட்டுத்தானே வந்தோம்?”

“எங்க போனே?”

“கல்லாறு, பொன்முடி.”

டீச்சர் சிரித்தே விட்டார். “கல்லாறா? எங்க பசங்க ஞாயத்துக்கிழமை பைக்ல குளிக்கப் போற எடமாக்கும் அது. ஃபீல்ட் ஸ்டடின்னா சொந்த டிஸ்டிரிக்டை விட்டு வெளில போகணும். அதான் இங்கத்த ரூல்.”

“எங்களுக்கு அது வேற ஸ்டேட்டுலா டீச்சர்! பார்டர் தாண்டித்தானே வந்தோம்.”

“தாண்டி வந்து நின்னது எங்க டிஸ்டிரிக்ட்ல. காலேஜ் கவுன்சில்ல வச்சா முதல்ல அதைத்தான் கேப்பா. நான் என்ன பண்ணறது, சொல்லு?”

என்ன சொல்ல? எங்கள் கல்லூரியில் வெளிமாநிலச் சுற்றுலா என்றால் வருடா வருடம் கல்லாறுதான். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தால் அது வெளிநாடு மாதிரி. இந்தப் பக்கம் உட்கார்ந்து ரூல் எழுதின மகராசனுக்கு அது கொல்லைப்புறம். அதை வைத்து என் ஒரு வருடத்தைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. இன்னும் அட்மிஷனே முடியவில்லையே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார்.

“எனக்க நெஞ்சால உனக்க ஒரு வருஷம்லா போவுது மக்களே,” என்றார்.

“சும்மா கெடங்கப்பா. அவியளுக்குக் கல்லாறு தெரியாது, அவ்வளவுதான்,” என்றேன். அவர்களுக்குத்தான் கல்லாறு தெரியும், நன்றாகத் தெரியும். அதுதானே தொல்லை.

அன்று படுத்ததும் அந்தக் கல்லாற்று நாள்தான் வந்தது. விடியுமுன் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கூடினோம். பக்கத்தில் ஷீனா. முதல் நாள் முதல் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்தான். பாறசாலை தாண்டினதும் எழுந்து நின்று, “கேரளா வந்தாச்சு, இனி எல்லாரும் மலையாளம்தான் பேசணும்,” என்று சட்டம் போட்டாள். கல்லாற்றில் ஒரு டீக்கடையில் தனக்குத் தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி டீ கேட்டாள். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சீனி கூட்டிப் போடணுமா பாப்பா?” என்றார். போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவராம், வீட்டில் தமிழ்தானாம். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஷீனாவும்தான் சிரித்தாள்.

எங்களைக் கூட்டிப்போன பூதலிங்கம் சார் எந்தச் செடிக்கும் முதலில் பெயர் சொல்ல மாட்டார். இலையைக் கசக்கி நீட்டுவார். “மோந்து பாருங்க மக்களே, பேரு பொறவு.” அன்றைக்கு நாங்கள் மோந்த மோப்பத்துக்கு ஷீனா நாலு தடவை தும்மினாள். பிறகு அவளுடைய ஒரு செருப்பை ஆறு கொண்டுபோனது. மிச்ச நாளெல்லாம் ஒற்றைச் செருப்போடு பாறை பாறையாகத் தத்திக்கொண்டு என் தோளைப் பிடித்தபடியே நடந்தாள். பறித்த செடிகளைப் பழைய பேப்பருக்குள் வைத்து அழுத்தக் கட்டைகள் போதவில்லை. சீட்டின்மேல் அடுக்கி, அதன்மேல் நாங்களே உட்கார்ந்து நாகர்கோவில் வரைக்கும் வந்தோம். அந்த நாளைத்தான் செல்லாது என்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த வாரம் டீச்சரே கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒரு வழி இருக்கு. செகண்ட் இயர் பசங்க ரெண்டு நாள் டூர் போறா. மழை தொடங்கியாச்சு, ஃபெர்ன் எல்லாம் நன்னா இருக்கும். நீயும் அவாகூடப் போயிட்டு, ஃபீல்ட் புக் எழுதிக் குடு. நான் கவுன்சில்ல சொல்லிச் சேத்துடறேன். ஒரு எடத்தை விட்டாலும் கையெழுத்துப் போட மாட்டேன், கேட்டோ.”

“எங்க டீச்சர் டூர்?”

“மருத்துவாமலை. அப்பறம் கீரிப்பாறை. நடுவுல நாகர்கோவில்ல ஒரு காலேஜ் ஹெர்பேரியம் பாக்கறோம்.” கல்லூரியின் பெயரையும் சொன்னார். என் கல்லூரி.

“டீச்சர், அது எனக்க ஊரு! நான் படிச்ச காலேஜ்!”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ இப்ப இந்தக் காலேஜ் ஸ்டூடண்ட், சிஜி. ஒனக்கு இப்ப அது வெளியூராக்கும்.”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உதவிதான் செய்தார். எனக்கென்னவோ சுருக்கென்று தைத்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். “உனக்க ஊருக்கே உன்ன டூரு கொண்டு போறாவளா?” என்று அம்மாவைக் கூப்பிட்டு இரண்டாம் முறை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவாவது போய்த் தொலைக்கலாம் என்று கிளம்பினேன்.

முதல் நாள் மருத்துவாமலை. சின்ன வயதில் அம்மாவோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகின மலை. ஜூனியர் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும் ஃபீல்ட் புக்கில் தேதி போட்டு, புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி எழுதினேன்.

மறுநாள் காலை பஸ் என் கல்லூரி வாசலில் நுழைந்தது. நான் எப்போதும் நடந்தே நுழைந்த வாசல். வாட்ச்மேன் எங்கள் பஸ்ஸுக்குச் சல்யூட் அடித்தார். எனக்கு அவர் ஒருநாளும் சல்யூட் அடித்ததில்லை, ஐடி கார்டு எங்கே என்று கத்தித்தான் பழக்கம்.

டிபார்ட்மென்ட் வாசலில் விருந்தாளிகளை வரவேற்கத் தட்டில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நின்றது ஷீனா. இறங்குகிறவர்களுக்கெல்லாம் “வெல்கம்” சொல்லிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் தட்டைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

“மெலிஞ்சு போயிட்டியே மக்கா! அங்க சோறு போட மாட்டாவளா?”

“நீதான் கொழுத்துட்ட.”

பூதலிங்கம் சார் என் தலையில் கை வைத்து, “அப்பா நடக்காரா?” என்று கேட்டார். நடக்கிறார் என்றேன்.

ஹெர்பேரியம் அறையில் பீரோவைத் திறந்து, செடிகளை உலர்த்தி ஒட்டிய ஷீட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார்கள். ஜூனியர்கள் சுற்றி நின்று படம் வரைந்தார்கள். ஒருத்தி ஒரு ஃபெர்ன் ஷீட்டை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சேச்சி, இது சேச்சியோ?” எட்டிப் பார்த்தேன். இடம் கல்லாறு. சேகரித்தவர்கள் சிஜி, ஷீனா. ஓரத்தில் லேசாக நசுங்கியிருந்தது. எங்களில் யார் உட்கார்ந்ததோ.

பத்மஜா டீச்சரும் குனிந்து படித்தார். “நல்ல ஷீட்டாக்கும்,” என்று மெதுவாக என்னிடம் சொன்னார். பிறகு மலையாளத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் என்றால் நானும்தான். என் ஷீட்டை நானே பார்த்து நானே வரைந்தேன். கல்லாற்றுக்கு நான் போனது செல்லாது. அங்கிருந்து நான் கொண்டுவந்த இலையை இங்கே வெளியூர்க்காரியாக வந்து பார்த்தால் செல்லும். ஷீனா பக்கத்தில் நின்று, “பாத்து வரைடி, காப்பியடிச்சேன்னு சொல்லிரப் போறாவ,” என்றாள். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்து எனக்குப் பென்சில் முனை ஒடிந்தது.

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்கான மணி. “வா மக்கா, கிளாஸுக்கு நேரமாச்சு,” என்று ஷீனா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கையை விடவில்லை. அவளோடு நடந்தேன். ஜூனியர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் வருட வகுப்பு. இந்த அறையில் உட்காரத்தான் நாலு செமஸ்டரும் படித்தோம். ஷீனாவுக்குப் பக்கத்து இடத்தில் அவளுடைய பை இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். ஜன்னல், வெளியே வாகை மரம், முன் பெஞ்சில் அதே முதுகுகள். எத்தனை சுகமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எனக்குக் கரமனையும் இல்லை, கிரெடிட்டும் இல்லை.

பூதலிங்கம் சார் வந்து வருகைப் பதிவை எடுத்தார். “ஷீனா” என்றார். “உள்ளேன் ஐயா” என்றாள். அவளுக்கு அடுத்த பெயர் எப்போதும் என்னுடையது. நான் வாயைத் திறந்துவிட்டேன். சார் “சுஜிதா” என்றார். இடையில் மூச்சுக்கூட விடவில்லை. அவர்மேல் தப்பில்லை, பதிவில் இருக்கிற பெயரைத்தானே கூப்பிட முடியும்? ஆனால் திறந்த வாயை மூட எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஷீனா மேஜைக்கு அடியில் என் கையை இறுக்கினாள்.

வெளியே எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. நான் அசையவில்லை. இன்னும் கீரிப்பாறை பாக்கி இருந்தது. அதை விட்டால் கையெழுத்து இல்லை, மூன்றாம் வருடம் இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். சார் பதிவை மூடினார்.

“உனக்க பஸ்ஸுலா கூப்பிடுது மக்களே,” என்றார். “கீரிப்பாறையில அட்டை கெடக்கும். கேன்டீன்ல கொஞ்சம் உப்பு வாங்கிட்டுப் போ.”

எழுந்தேன். ஷீனா என்னைப் பார்க்கவில்லை, பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தாண்டும்போது சார் பாடத்தைத் தொடங்கியிருந்தார்.

அன்று சாயங்காலமே, கீரிப்பாறை மழையில் குடைக்கடியில் நின்று, பத்மஜா டீச்சர் என் ஃபீல்ட் புக்கில் கையெழுத்துப் போட்டார். கவுன்சிலிலும் சொன்னபடி செய்தார். நான் ஐந்தாம் செமஸ்டரில் உட்கார்ந்தேன், ஒரு வருடமும் போகவில்லை. அப்பா கடைக்கு அரைநாள் போகத் தொடங்கினார். அதற்கெல்லாம் எனக்கு நன்றி உண்டு. கேட்டது கேட்டபடி கிடைத்தது.

ஆனாலும் அந்த நாளை நினைத்தால் முதலில் வருவது, கல்லூரி வாசலில் பஸ் புறப்பட்ட நேரம்தான். நான் உப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்து ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். டீச்சர் நடுவழியில் நின்று தலைகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, யாராவது விடுபட்டுவிட்டார்களா என்று மலையாளத்தில் சத்தமாகக் கேட்டார், “ஆரெங்கிலும் விட்டுப்போயோ?”

வாசலுக்கு உள்ளே மூன்றாம் வருட வகுப்பின் ஜன்னல் தெரிந்தது.

“ஆருமில்ல டீச்சர்,” என்றேன். எல்லோருக்கும் முந்திச் சொன்னது நான்தான்.